வெண் குள்ளன் எப்படி வெடிக்கிறது? பாடப்புத்தகக் கதையும் புதிய ஆதாரமும்

ஊவா வானம் (பண்டாரவளை):

2025 ஜூலை 2ஆம் திகதி 'நேச்சர் அஸ்ட்ரோனமி' இதழில் வந்த ஓர் ஆய்வைப் பற்றி இங்கே பேச வேண்டும். பௌதிகவியல் படிப்பிக்கிற, படிக்கிற எல்லோரும் வாருங்கள். வகுப்பில் நாம் வருடா வருடம் சொல்லும் ஒரு கதையை அது அசைத்துப் பார்க்கிறது.

கதை உங்களுக்குத் தெரியும். சூரியனைப் போன்ற நட்சத்திரம் எரிபொருள் முடிந்ததும் வெளி அடுக்குகளை ஊதித் தள்ளிவிட்டு, காபனும் ஒட்சிசனும் நிறைந்த, பூமியளவே உள்ள ஒரு கருவாக மிஞ்சும். அதுதான் வெண் குள்ளன். அதற்குப் பக்கத்தில் துணை நட்சத்திரம் ஒன்று இருந்தால் அதிலிருந்து வாயுவை இழுத்து இழுத்துத் திணிவு கூடும். சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு என்ற சந்திரசேகர் எல்லையை நெருங்கும்போது காபன் பற்றிக்கொண்டு முழு நட்சத்திரமும் வெடித்துச் சிதறும். இதுதான் 1ஏ வகை சூப்பர்நோவா.

இப்போது வந்திருப்பது வேறு. அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் கன்பரா வளாகத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்யும் பிரியம் தாஸும் அவருடைய குழுவினரும் எஸ்.என்.ஆர். 0509-67.5 என்ற சூப்பர்நோவா எச்சத்தைச் சிலியிலுள்ள மிகப் பெரிய தொலைநோக்கியால் பார்த்தார்கள். பெரிய மகெல்லன் முகில் என்ற பக்கத்து விண்மீன் பேரடையில், சுமார் 160,000 ஒளியாண்டு தூரத்தில் இருப்பது அது. அதில் கல்சியம் இரண்டு தனித்தனி ஓடுகளாக, ஒன்றுக்குள் ஒன்றாக, படிந்திருக்கிறது. ஒரே வெடிப்பு என்றால் இப்படி இரண்டு ஓடு வருவதற்கு வழியில்லை. இரட்டை வெடிப்பு நடந்தால் இந்த அடையாளம் மிஞ்சும் என்று கணினி மாதிரிகள் ஏற்கெனவே சொல்லியிருந்தன.

இரட்டை வெடிப்பு இப்படி நடக்கும். வெண் குள்ளன்மேல் ஈலியம் ஒரு மெல்லிய போர்வையாகச் சேர்கிறது. முதலில் அந்தப் போர்வை வெடிக்கிறது. அதன் அதிர்ச்சி அலை நட்சத்திரத்தைச் சுற்றி ஓடி, உள்ளே குவிந்து, காபன் கருவைப் பற்றவைக்கிறது. இதற்கு 1.4 என்ற எல்லையைத் தொட வேண்டியதே இல்லை. சூரியனளவு திணிவிலேயே வெடித்துவிடும்.

என்னுடைய கருத்தை நேராகவே சொல்கிறேன். "எல்லையைத் தொட்டால் வெடிக்கும்" என்பதை முடிந்த முடிவாகப் பிள்ளைகளுக்குச் சொல்வதை நாம் நிறுத்த வேண்டும். எப்படி வெடிக்கிறது என்ற கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது; அதைத் திறந்தபடியே கொடுக்கலாம்.

பசறை பௌதிகம்:

ஆய்வை வாசித்தேன். நல்ல வேலை, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரே ஒரு எச்சத்தை வைத்துப் பாடத்தையே மாற்றுவதை என்னால் ஏற்க முடியாது.

இரண்டு காரணம். ஒன்று, பிள்ளைக்கு முதலில் எல்லை என்றால் என்ன, ஏன் அப்படி ஒன்று இருக்கிறது என்று பிடிபட வேண்டும். அந்தக் கதை இல்லாமல் அதை மனதில் பதிய வைப்பது கஷ்டம். இரண்டாவதுதான் முக்கியம். 1ஏ வகை எல்லாம் ஏறக்குறைய ஒரே பிரகாசம் காட்டுவதால்தான் அவற்றை வைத்துத் தூரம் அளக்கிறார்கள். எல்லாம் ஒரே திணிவில் வெடித்தால் ஒரே பிரகாசம் என்பது புரிகிறது. நீங்கள் சொல்வதுபோல ஒவ்வொன்றும் வேறு வேறு திணிவில் வெடித்தால் பிரகாசம் எப்படி ஒத்துப்போகும்? 1998இல் பிரபஞ்சம் வேகம் கூடிக்கூடி விரிகிறது என்று கண்டதே இந்த அளவுகோலால்தான். பேர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூவருக்கும் 2011இல் நோபல் பரிசு கிடைத்ததும் அதற்காகத்தான். அடித்தளத்தையே ஆட்டுகிறீர்களா?

ஊவா வானம்:

சேர், நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. ஆனால் அவை ஒரே பிரகாசம் காட்டுவதில்லை. 1993இல் மார்க் பிலிப்ஸ் காட்டியது என்னவென்றால், அதிகப் பிரகாசமானவை மெதுவாக மங்குகின்றன, பிரகாசம் குறைந்தவை விரைவாக மங்குகின்றன. அந்த மங்கும் வேகத்தை அளந்து பிரகாசத்தைத் திருத்திய பிறகுதான் தூரம் கணிக்கிறார்கள். 1998இன் முடிவும் அப்படித் திருத்திய தரவுகளில்தான் நிற்கிறது. ஆகவே அடித்தளம் ஆடவில்லை. அளவுகோல் வேலை செய்கிறது என்பது கண்ணால் கண்டது. அது ஏன் வேலை செய்கிறது என்பதில்தான் சண்டை.

வேறு வேறு திணிவு என்பது இங்கே உதவவும் செய்கிறது. சூப்பர்நோவாவின் வெளிச்சம் வெடித்த கணத்துச் சூட்டிலிருந்து வருவதில்லை. வெடிப்பில் உண்டாகும் நிக்கல்-56 கோபாற்று-56ஆகத் தேய்கிறது, அரைவாழ்வுக் காலம் 6 நாள். கோபாற்று இரும்பு-56ஆகத் தேய்கிறது, அரைவாழ்வுக் காலம் 77 நாள். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நாம் காணும் வெளிச்சம் இந்தக் கதிர்த்தொழிற்பாட்டின் வெளிச்சம். திணிவு கூடிய வெண் குள்ளனின் நடுப்பகுதி அடர்த்தியும் கூடியது, அதனால் நிக்கலும் கூட, பிரகாசமும் கூட. பிலிப்ஸ் கண்ட வரிசைக்கு இதில் ஒரு இயல்பான விளக்கம் கிடைக்கிறது. எல்லாம் 1.4இல்தான் வெடிக்கின்றன என்று வைத்துக்கொண்டால், ஏன் ஒன்றில் நிக்கல் அதிகம், இன்னொன்றில் குறைவு என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

கோபாற்றை நேரில் பார்த்தும் ஆயிற்று. 2014இல் எம்82 என்ற விண்மீன் பேரடையில் வெடித்த எஸ்.என். 2014ஜே-யிலிருந்து வந்த கோபாற்று-56இன் காமாக் கதிர்களை இன்ரெக்ரல் செய்மதி பிடித்தது. அரைவாழ்வுப் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

உயர்தரம்_2026:

வணக்கம். நான் நுவரெலியா மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தரம் படிக்கிறேன். இரண்டு சேரும் பேசுவது ஓரளவு விளங்குகிறது. ஒன்று மட்டும் விளங்கவில்லை. காபன் எரிந்தால் சூடு கூடும், சூடு கூடினால் வாயு விரியும், விரிந்தால் குளிரும். சூரியனில் அப்படித்தானே நடக்கிறது? வெண் குள்ளன் மட்டும் ஏன் விரிந்து தப்பாமல் வெடிக்கிறது?

ஊவா வானம்:

தங்கச்சி, அல்லது தம்பி, இந்தக் கேள்வியில்தான் முழு விஷயமும் இருக்கிறது. கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

சாதாரண வாயுவில் அமுக்கம் வெப்பநிலையைப் பொறுத்தது. நீங்கள் சொன்னபடி, சூரியனின் கருவில் எரிதல் கொஞ்சம் கூடினால் அமுக்கம் கூடி, கரு விரிந்து, குளிர்ந்து, எரிதல் தானாகவே அடங்கும். கொதிக்கும் கேத்தலின் மூடி எழும்பி ஆவியை விட்டுவிட்டு மறுபடி உட்காருவதுபோல. சூரியன் 460 கோடி வருடமாக அமைதியாக எரிவது இந்தக் கட்டுப்பாட்டால்தான்.

வெண் குள்ளனுக்குள் இலத்திரன்கள் மிக நெருக்கமாக அடைபட்டிருக்கின்றன. சிரியஸ் பி என்ற வெண் குள்ளனை எடுங்கள். சூரியனளவு திணிவு, பூமியளவு பருமன். சராசரியாக ஒரு கன சென்ரிமீற்றருக்கு இரண்டு தொன்னுக்கு மேல் வரும். அந்த நெருக்கத்தில் பௌலியின் தவிர்ப்பு விதி வேலை செய்கிறது. ஒரே நிலையில் இரண்டு இலத்திரன் இருக்க முடியாது. கீழ் நிலைகள் எல்லாம் நிரம்பிவிடுவதால் மற்றவை உயர்ந்த உந்தமுள்ள நிலைகளுக்குப் போயே ஆக வேண்டும். அந்த உந்தம்தான் அமுக்கத்தைத் தருகிறது. இந்த அமுக்கம் நெருக்கத்தால் வருவது, சூட்டால் வருவதில்லை. நட்சத்திரம் முழுவதும் குளிர்ந்துபோனாலும் அது அப்படியே இருக்கும். 1926இல் ரால்ஃப் பௌலர் காட்டியது இது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அமுக்கம் சூட்டைக் கவனிப்பதில்லை என்றால், காபன் எரிந்து சூடு கூடினாலும் நட்சத்திரம் விரியாது. விரியாததால் குளிராது. குளிராததால் எரிதல் இன்னும் வேகமாகும், சூடு இன்னும் கூடும். காபன் எரிதலின் வேகம் வெப்பநிலையோடு பயங்கரமாக ஏறும் ஒன்று. ஒரு கட்டத்துக்கு மேல் தடுக்க எதுவும் இல்லை. சில செக்கன்களில் நட்சத்திரத்தின் பெரும்பகுதி எரிந்து, அதைக் கட்டி வைத்திருந்த ஈர்ப்பையே வென்று, செக்கனுக்கு ஏறக்குறைய 10,000 கிலோமீற்றர் வேகத்தில் சிதறுகிறது. நடுவில் நியூத்திரன் நட்சத்திரமோ கருந்துளையோ மிஞ்சாது.

நெருப்பு எப்படிப் பற்றியது என்பது மட்டும்தான் விவாதம். எல்லைக்கு அருகே நசுங்கியா, ஈலியப் போர்வையின் அதிர்ச்சியாலா. பற்றிய பிறகு நடப்பது இரண்டிலும் ஒன்றே.

கொட்டகலை வாசகி:

சந்திரசேகர் பெயர் வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

தமிழ்க் குடும்பம், 1910இல் லாகூரில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1930இல் 19 வயதில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். கையில் இருந்தது பௌலரின் கோட்பாடு. உள்ளே அடைபட்ட இலத்திரன்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குமே, அப்படியானால் சார்புக் கொள்கையையும் சேர்க்க வேண்டுமே என்று கடலில் இருக்கும்போதே கணக்குப் போட்டார். சேர்த்துப் பார்த்தால் அமுக்கம் ஒரு கட்டத்துக்கு மேல் ஈர்ப்புக்கு ஈடுகொடுக்காது என்று வந்தது. அதுதான் எல்லை. 1935 ஜனவரியில் இலண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் அவர் பேசி முடித்த கையோடு எடிங்டன் எழுந்து அதை மறுத்தார். அந்தக் காலத்தின் மிகப் பெரிய வானியலாளர் அவர். இளைஞர் பக்கம் பகிரங்கமாகப் பேச யாரும் முன்வரவில்லை. 1937இல் சந்திரசேகர் சிக்காகோ போனார், வேறு துறைகளில் பெரும் வேலை செய்தார், 1983இல் நோபல் பரிசு பெற்றார்.

அவர் தனியாகக் கண்டுபிடித்தார் என்று மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. எட்மண்ட் ஸ்டோனரும் வில்ஹெல்ம் அண்டர்சனும் அதே ஆண்டுகளில் இதே திசையில் நடந்தவர்கள். நட்சத்திரத்தின் உள்ளமைப்பை முழுமையாகக் கணித்து எல்லையை நிலைநிறுத்தியது சந்திரசேகரின் வேலை. மற்றவர்களின் பெயரையும் சொன்னால் அவருடைய பெருமை குறையாது.

அப்புறம், பசறை சேருக்கு: எல்லைக்குக் கீழேயே வெடிக்கலாம் என்றால் எல்லை பொய் என்று ஆகாது. அதற்கு மேல் வெண் குள்ளன் நிலைக்காது என்பது அப்படியே நிற்கிறது.

பசறை பௌதிகம்:

வாசகி அம்மா சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். அது என் பக்கத்துக்கும் பலம்தான்.

உயர்தரப் பிள்ளை கேட்ட கேள்வி அருமையானது. அதற்கு வந்த பதிலும் நன்றாக இருந்தது. ஆனால் என் நிலைப்பாட்டில் நிற்கிறேன். துணை நட்சத்திரத்திலிருந்து வாயு இழுக்கும் வழிக்கும் ஆதாரம் உண்டு. பி.ரி.எஃப். 11கே.எக்ஸ். என்ற 1ஏ சூப்பர்நோவாவைச் சுற்றி, வெடிப்புக்கு முன்பே வெளியேறிய ஐதரசன் அடங்கிய வாயு அடுக்கடுக்காக இருந்ததை 2012இல் காட்டினார்கள். செம்பூதம் (வீங்கிச் சிவந்த முதிய நட்சத்திரம்) ஒன்றின் துணையோடு இருந்து, அடிக்கடி நோவாவாக (மேற்பரப்பு மட்டும்) வெடித்த ஒரு வெண் குள்ளனுக்குத்தான் அது பொருந்தும். ஆகவே பழைய கதையை ஒதுக்காதீர்கள். இரண்டு வழியும் உண்டு என்று சொல்லுங்கள்.

ஊவா வானம்:

இரண்டு வழியும் உண்டு என்று சொல்லத்தான் நானும் கேட்கிறேன், சேர். இன்று வகுப்பில் ஒரு வழி மட்டுமே சொல்லப்படுகிறது.

மற்றப் பக்கத்துக்கு இன்னொரு ஆதாரம். துணை நட்சத்திரம் ஒரு செம்பூதமாக இருந்திருந்தால் வெடிப்புக்குப் பிறகு அது அங்கேயே மிஞ்ச வேண்டும். கி.பி. 1006 மே மாதம் தெற்கு வானில் ஒரு 1ஏ சூப்பர்நோவா வெடித்தது. சீனாவிலும் எகிப்திலும் சுவிற்சர்லாந்து மடமொன்றிலும் பதிவு செய்திருக்கிறார்கள். மனிதர் பதிவில் உள்ளவற்றில் மிகப் பிரகாசமானது அதுதான். அப்போது தஞ்சையில் முதலாம் இராஜராஜன் ஆண்டுகொண்டிருந்தான், இலங்கையின் வடக்கும் சோழர் கையில். நம் அகலாங்கிலிருந்து அந்த இடம் தெற்கு வானில் நன்றாக உயர்ந்து வரும். அதன் எச்சத்துக்குள் மிஞ்சிய துணையைத் தேடிய குழு 2012இல் முடிவை வெளியிட்டது. செம்பூதம் எதுவும் அங்கே இல்லை. இரண்டு வெண் குள்ளன்கள் ஒன்றோடொன்று சேர்ந்த கதைக்குத்தான் அது அதிகம் பொருந்துகிறது.

அப்படிப்பட்ட சோடி ஒன்றை நம் பக்கத்திலேயே கண்டிருக்கிறார்கள். 2025இல் வார்விக் பல்கலைக்கழகத்தினர் அறிவித்தது. சுமார் 150 ஒளியாண்டு தூரம், இரண்டு வெண் குள்ளன்களும் சேர்ந்து சூரியனைப்போல் 1.56 மடங்கு திணிவு, ஒன்றையொன்று 14 மணித்தியாலத்தில் சுற்றுகின்றன. வெடிக்க இன்னும் 2,300 கோடி வருடம் ஆகும்.

இரு பிள்ளைகளின் தாய் (பதுளை):

என் மகள் பக்கத்தில் இருந்து கேட்கிறாள், நம் சூரியனும் வெடிக்குமா? திருவாதிரை வெடிக்கப் போகிறது என்று யூரியூப்பில் பார்த்திருக்கிறாள். அதுவும் வெண் குள்ளனா?

கொட்டகலை வாசகி:

மகளிடம் சொல்லுங்கள், சூரியன் வெடிக்காது. இன்னும் சுமார் 500 கோடி வருடத்தில் செம்பூதமாக வீங்கி, பிறகு வெண் குள்ளனாகச் சுருங்கும். துணை இல்லாத தனி நட்சத்திரம் என்பதால் மெதுவாகக் குளிர்ந்துகொண்டே இருக்கும்.

திருவாதிரை வேறு வகை. அது சூரியனைவிடப் பல மடங்கு திணிவுள்ள செம்பெரும்பூதம். அதன் இரும்புக் கரு உள்ளே இடிந்து விழுவதால் வெடிக்கும். 1987இல் பெரிய மகெல்லன் முகிலில் வெடித்த 1987ஏ-யும் அந்த இனம்தான். திருவாதிரை இன்று வெடிக்கலாம், ஒரு லட்சம் வருடம் கழித்தும் வெடிக்கலாம். அந்த யூரியூப் தலைப்புகளை நம்பிப் பிள்ளை இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம்.

மஸ்கெலியா_செந்தில்:

எல்லாம் வாசித்தேன். நல்லா இருக்கு. ஆனால் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். மலையகப் பாடசாலைகள் பலவற்றில் இன்னும் உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லை. ஆய்வுகூடம் இல்லாத இடத்தில் சிலித் தொலைநோக்கியைப் பற்றிப் பேசி என்ன பயன்? நாட்டிலேயே சொல்லும்படி இருப்பது மொறட்டுவையில் ஆதர் சி. கிளார்க் நிலையத்தில் யப்பான் 1996இல் கொடுத்த 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி. எங்கள் பிள்ளைகள் எதைப் பார்க்க?

ஊவா வானம்:

செந்தில், உங்கள் ஆதங்கம் நியாயமானது. விஞ்ஞானப் பிரிவு கேட்டுப் போராடுவதை இது எதுவும் ஈடுகட்டாது. அதில் நானும் உங்களோடு நிற்கிறேன்.

ஆனால் பார்ப்பதற்கு ஒன்று இருக்கிறது, அதற்குத் தொலைநோக்கி வேண்டாம். வடமுடி என்ற நட்சத்திரக் கூட்டத்தில் டி கொரோனே போரியாலிஸ் என்று ஒரு சோடி, சுமார் 3,000 ஒளியாண்டு தூரத்தில். ஒரு செம்பூதமும் ஒரு வெண் குள்ளனும் 227 நாளுக்கு ஒருமுறை சுற்றுகின்றன. பசறை சேரின் கதையில் வரும் அதே அமைப்பு. வெண் குள்ளனின் திணிவும் எல்லைக்குப் பக்கத்தில் என்று கணித்திருக்கிறார்கள். அதன்மேல் ஐதரசன் சேர்ந்து சேர்ந்து மேற்பரப்பு மட்டும் வெடிக்கும். அது நோவா, வெண் குள்ளன் அழியாது. 1866இல் வெடித்தது, 1946இல் வெடித்தது, அடுத்ததை வானியலாளர்கள் இப்போது எதிர்பார்க்கிறார்கள். சாதாரணமாகக் கண்ணுக்கே தெரியாத அது, வெடித்தால் சில நாளைக்கு வடமுடியின் பிரகாசமான நட்சத்திரத்தோடு போட்டி போடும்.

ஒவ்வொரு நோவாவிலும் வெண் குள்ளன் சேர்த்ததைவிட அதிகமாக இழக்கிறதா, கொஞ்சம் மிச்சம் பிடிக்கிறதா? மிச்சம் பிடித்தால் ஒருநாள் எல்லையைத் தொடும், பழைய கதை அங்கே உண்மையாகும். நாம் விவாதிப்பதே இதைத்தான்.

இதில் மலையகத்துக்கு ஒரு வசதி உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வடமுடி மாலையிலேயே வடக்கு வானில் உயரத்தில் இருக்கும். அப்போது தென்மேற்குப் பருவத்தால் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் முகில். ஊவாவில், பண்டாரவளை, பதுளை பக்கம் வானம் திறந்திருக்கும். பெப்ரவரி, மார்ச்சில் அதே கூட்டம் விடியற்காலை உச்சியில் நிற்கும், அப்போது உங்கள் பக்கம் வறண்ட காலம். பெரட்டுக்கு (தோட்டத்துக் காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போக எழும்பும் நேரம்தான். இரண்டு சரிவும் முறை போட்டுக்கொண்டால் வருடத்தின் பெரும்பகுதி கண்காணிக்கலாம்.

பசறை பௌதிகம்:

முகில் பற்றிய பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். மேலே வந்த 2014ஜே-யைக் கண்டது பெரிய வானாய்வகம் ஒன்றுமில்லை. இலண்டனில் ஸ்டீவ் ஃபோசி என்ற விரிவுரையாளர் இளமாணிப் பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். முகில் மூடி வந்ததால் திட்டமிட்ட பாடத்தை விட்டுவிட்டு, கமராவை எப்படிப் பயன்படுத்துவது என்று மட்டும் காட்டினார். அதற்காக எம்82-வைத் திருப்பிப் பார்த்தபோது அங்கே இருக்கக் கூடாத ஒரு நட்சத்திரம் இருந்தது. தொலைநோக்கி 35 சென்ரிமீற்றர், நகரத்து வானம். மொறட்டுவையில் இருப்பதைவிடச் சிறியது.

பாடம் பற்றிய என் கருத்தும் முடிவாக இதுதான்: எல்லையை முதலில் படிப்பிப்பேன். அடுத்த பாடவேளையில் 0509 எச்சத்தின் படத்தையும் 11கே.எக்ஸ்-இன் கதையையும் பக்கத்தில் வைத்து, எது சரி என்று பிள்ளைகளையே வாதாடச் சொல்வேன். முதல் நாளே இரண்டையும் கொடுக்க மாட்டேன்.

ஊவா வானம்:

அந்த வரிசையை ஏற்கிறேன், சேர். அந்தப் பாடவேளைக்கான குறிப்பை எழுதி இந்த இழையில் போடுங்கள், மற்ற ஆசிரியர்களும் எடுத்துக்கொள்வார்கள்.

உயர்தரம்_2026:

வெடித்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எங்கே பார்க்க வேண்டும்?

ஊவா வானம்:

முதலில் சுவாதியைக் கண்டுபிடியுங்கள். செம்மஞ்சள் நிறம், வடக்கு வானில் மிகப் பிரகாசமானது. அங்கிருந்து கிழக்கே அபிஜித் என்ற பிரகாசமான நட்சத்திரத்தை நோக்கிப் போகும் வழியில், மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், திறந்த வளையல்போல் ஒரு சிறிய அரைவட்டம். அதுதான் வடமுடி. அதில் பிரகாசமானது அல்பெக்கா, 2.2 பருமன் (பிரகாசத்தின் அளவு; எண் கூடினால் மங்கல்). வளையத்தின் கிழக்கு முனைக்கு அருகே எப்சிலன் என்ற மங்கலான நட்சத்திரம், சுமார் 4.1. அதற்குத் தெற்கே ஒரு பாகை தள்ளித்தான் நம் ஆள். அங்கே கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டால் இன்னும் வெடிக்கவில்லை. தெரிந்தால் அல்பெக்காவைவிடக் கூடவா குறைவா, எப்சிலனைவிடக் கூடவா குறைவா என்று பார்த்து, நேரத்தோடு எழுதி வையுங்கள். 1911இல் தொடங்கிய அமெரிக்க மாறொளிர் நட்சத்திர நோக்குநர் சங்கம் வெறும் கண்ணால் எடுத்த இப்படிப்பட்ட மதிப்பீடுகளை உலகில் யாரிடமிருந்தும் வாங்கிச் சேர்த்து வைக்கிறது. ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

முகிலாக இருந்த இரவையும் "முகில்" என்று குறியுங்கள். எந்த இரவு பார்க்க முடியவில்லை என்பதும் தேவை.

மஸ்கெலியா_செந்தில்:

சரி. பெப்ரவரி, மார்ச் விடியற்காலை எங்கள் பக்கம். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் சிலரைக் கேட்டுப் பார்க்கிறேன். ஆகஸ்ட் வரை மாலை உங்கள் பக்கம் யார் பார்ப்பது?

இரு பிள்ளைகளின் தாய் (பதுளை):

நாங்கள் பார்க்கிறோம். சுவாதியை மகள் இப்போதே கண்டுபிடித்துவிட்டாள். வடமுடியைக் காட்டும் படம் ஒன்றை யாராவது இங்கே போட்டுவிடுங்கள்.